14 மாணவர்கள், ஒரு கூகுள் ஃபார்ம்: டேட்டா எடுத்துச் செய்யும் எம்பிரிகல் ஆய்வை எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்?

கரிசல்மண் (கேள்வி)

வணக்கம். விருதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அசிஸ்டன்ட் புரொஃபசராக இருக்கிறேன். ஒன்பதாவது வருடம். இந்த செமஸ்டர் எம்.இ. முதலாம் ஆண்டுக்கு ரிசர்ச் மெத்தடாலஜி என் தலையில் விழுந்திருக்கிறது. வகுப்பில் 14 பேர். அதில் ஏழெட்டுப் பேர் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் தீசிஸ் செய்ய நினைக்கிறார்கள்.

போன வாரம் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஒரு பையன் வந்து நின்றான். தலைப்பு, பேர் ப்ரோக்ராமிங்கின் பயன். 62 பேரிடம் கூகுள் ஃபார்ம். "இருவர் சேர்ந்து கோடு எழுதுவது பயனுள்ளது" என்ற வரிக்கு ஐந்துக்குச் சராசரி 4.1. வண்ண வண்ணமாக ஒரு பை சார்ட். கடைசி ஸ்லைடில் "ஹைபாதிசிஸ் நிரூபிக்கப்பட்டது" என்று தடித்த எழுத்தில்.

"62 பேரும் யாருப்பா?"

"ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன் மேடம்."

"அதுல ரெண்டு பேரா உட்கார்ந்து கோடு எழுதிப் பார்த்தவங்க எத்தனை பேர்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அதைக் கேக்கலையே மேடம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மேடம், அதுல பதினோரு பேர் மெக்கானிக்கல்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரம் முன்புதான் இதே பையன் சாம்ப்ளிங் வகைகளை வரிசையாக எழுதி இன்டர்னலில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தான். ஒன்பது போட்டது நான்.

சிலபஸில் 30 பீரியட். அதில் பேடன்ட், காப்பிரைட் எல்லாம் பாதியைத் தின்றுவிடும். கையில் ஒரு லேப் இருக்கிறது, செலவுக்குப் பணம் கிடையாது. டெஃபனிஷன் எழுதிப் போடுவதால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. டேட்டா என்றால் என்ன, அது எப்படி ஏமாற்றும் என்பது பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டும். வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புத்தகப் பட்டியல் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

---

சுண்ணாம்புக்கட்டி

மேடம், அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள். பிஎச்.டி. சேர்ந்த புதிதில் நான் செய்ததும் இதேதான். அப்போது கூகுள் ஃபார்ம் இல்லை, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோயம்புத்தூரில் 22 வருடமாக இதே பாடத்தை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பத்து வருடம், இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் சூத்திரத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். பசங்க கணக்குப் போடுவார்கள், விடை வரும், எதற்கு விடை என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது முதல் வகுப்பிலேயே ஒரு சோதனை வைத்துவிடுகிறேன். வேரியபிளுக்குப் பெயர் வைக்கும்போது வார்த்தைகளை ஒட்டி எழுதி நடுவில் பெரிய எழுத்துப் போடும் கேமல் கேஸ் ஒன்று, நடுவில் அடிக்கோடு போடும் அண்டர்ஸ்கோர் ஒன்று. எது படிக்க எளிது? கேட்டவுடன் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஜாவாக்காரர்கள் ஒரு பக்கம், பைத்தான்காரர்கள் ஒரு பக்கம். சினிமா ரசிகர் சண்டை தோற்றுவிடும். சரி, அளந்துவிடலாம் என்பேன்.

பசங்களே ஒரு வெப்பேஜ் எழுதுவார்கள், ஒரு மதியம் போதும். திரையில் "டோட்டல் மார்க் லிஸ்ட்" என்பது போல ஒரு சொற்றொடர் வரும், மறையும். அடுத்து நான்கு பெயர்கள் வரும். ஒன்றுதான் சரி, மற்ற மூன்றில் ஓரிரு எழுத்து மாறியிருக்கும். சரியானதைச் சொடுக்க வேண்டும். எத்தனை மில்லிசெகண்ட், சரியா தப்பா என்று பதிவாகும்.

எப்படி நடத்துவது என்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். இது முக்கியம். நாம் சரியான டிசைனைக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. முதல் தடவை என் பசங்க என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோருக்கும் முதல் பத்துக் கேள்வி ஒட்டி எழுதியவை, அடுத்த பத்து அடிக்கோடு. முடிவில் அடிக்கோடு நன்றாக ஜெயித்தது. பைத்தான்காரர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். நான் எதுவும் சொல்லாமல் போர்டில் ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், முதல் பத்துல அந்தப் பேஜே புதுசு. எங்க க்ளிக் பண்ணணும்னே தெரியலை. ரெண்டாவது பத்துல கை பழகிடுச்சு."

வகுப்பு அமைதியானது. லேர்னிங் எஃபெக்ட் என்ற வார்த்தையை அந்த நிமிடத்தில்தான் போர்டில் எழுதினேன். அடுத்த வாரம் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி வைத்தோம். முதல் வாரம் பார்த்த இடைவெளி ஏறக்குறைய காணாமல் போனது. இப்படி வரிசை மாற்றிப் பார்க்கும் கிராஸ்ஓவர் டிசைனை அந்த பேட்ச்சுக்கு நான் தனியாக நடத்தவே இல்லை.

அடுத்த பேட்ச்சில் தப்புச் செய்தது நான். யார் எந்த வரிசையில் பார்ப்பது என்பதை லேப் பெஞ்சை வைத்துப் பிரித்துவிட்டேன், எழுந்து நடமாடச் சோம்பல். இடது பக்க மெஷின்கள் எல்லாம் பழசு, இரண்டு மவுஸ் சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். வந்த வித்தியாசம் மவுஸுடையதா மூளையுடையதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு பழைய டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் பிரிக்கிறேன். கம்ப்யூட்டரிலேயே ரேண்டம் எண் எடுக்கலாமே சார் என்பார்கள். எடுக்கலாம். ஆனால் டிபன் பாக்ஸில் கைவிட்டவன் ரேண்டம் அசைன்மென்டை மறக்க மாட்டான்.

இன்னொரு வருடம் ஒரு பையன் இருபது கேள்வியையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டுப் போய்விட்டான். 4.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். அவன் டேட்டாவை எடுப்பதா விடுவதா? எடுத்தால் கேமல் கேஸ் ஜெயிக்கிறது, விட்டால் சமம். அரை மணி நேரம் சண்டை. எந்தக் கட்சி எதைச் சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் ஒருவன் சொன்னான்: "சார், இதை டேட்டா பார்க்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும்."

அப்படிப் பிறந்ததுதான் என் வகுப்பின் "முன்தாள்". அரைப் பக்கம். என்ன கேட்கிறேன், யாரிடம், எதை அளக்கிறேன், எந்த டேட்டாவைத் தள்ளுவேன், எப்படி வந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேன். கையெழுத்துப் போட்டு என் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். முடிவு எப்படி வந்தாலும் மார்க் முன்தாளுக்கும், அதிலிருந்து எங்கே விலகினாய் என்ற விளக்கத்துக்கும்தான். இதைச் செய்தபிறகு "நிரூபிக்கப்பட்டது" என்ற வார்த்தை ரிப்போர்ட்டில் தானாகவே குறைந்தது. மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதானே பிள்ளைகளும் இருப்பார்கள்.

இவ்வளவும் ஆனபிறகுதான் பேப்பரைக் காட்டுவேன். இதே கேள்வியை 2009இல் பிங்க்லியும் சகாக்களும் 135 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒட்டி எழுதினால் தவறு குறைகிறது, ஆனால் நேரம் கொஞ்சம் கூடுகிறது என்றது அது. 2010இல் ஷரீஃப், மலெட்டிக் இருவரும் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவியோடு 15 பேரை வைத்துத் திரும்பச் செய்தார்கள். தவறுகளின் அளவில் வித்தியாசமில்லை, அடிக்கோடுதான் வேகம் என்றது இது. யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன். 135 பெரிதா 15 பெரிதா என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் கண்டுபிடிப்பான்: இரண்டாவதில் வந்தவர்கள் எல்லோரும் ப்ரோக்ராமர்கள், பெரும்பாலும் அடிக்கோட்டில் பழகியவர்கள். முதலாவதில் ப்ரோக்ராம் எழுதாதவர்களும் உண்டு. ஒரு கும்பலிடம் வந்த முடிவு மற்றவர்களுக்கும் பொருந்துமா என்ற எக்ஸ்டர்னல் வாலிடிட்டியைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இது வராது.

உங்கள் 14 பேருக்கு, வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் பி-வேல்யூ பின்னால் ஓடாதீர்கள். இத்தனை சின்ன கும்பலில் நிஜமான வித்தியாசம் இருந்தாலும் கையில் சிக்காமல் போகும். புள்ளி வையுங்கள், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மீடியனைப் பாருங்கள், போதும்.

---

ஓஎம்ஆர்வாசி

நான் வாத்தியார் இல்லை, டெஸ்டிங்கில் 14 வருடம். சுண்ணாம்புக்கட்டி சாரின் டிபன் பாக்ஸ் பிரமாதம். வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் ஓட்டை வேறு இடத்தில்: என்ன எண்ணுகிறோம் என்றே யோசிக்க மாட்டார்கள்.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் மாதம் யார் எத்தனை பக் க்ளோஸ் செய்தார்கள் என்று ஒரு சார்ட் ஒட்டுவார்கள். இரண்டே மாதத்தில் ஒரு பக்குக்கு மூன்று டிக்கெட் வர ஆரம்பித்தது. ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒரு டிக்கெட், அதே திரையில் கலர் ஒரு டிக்கெட். க்ராஃப் மேலே ஏறிக்கொண்டே போனது. சாஃப்ட்வேர் அப்படியே இருந்தது. நானும் டிக்கெட் பிரித்தவன்தான், மறைப்பானேன்.

அதனால் என் யோசனை: ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டிலிருந்து "பக்" என்று லேபிள் போட்ட 40 இஷ்யூ, அதாவது பயனர்கள் பதிவு செய்த புகார்கள், எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், படித்து இது உண்மையிலேயே பக்கா, புது வசதி கேட்கிறார்களா, டாக்குமென்டேஷன் பிரச்சினையா என்று குறிக்கட்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் எங்கே ஒத்துப்போகவில்லை என்று தெரியும். முதல் தடவை அடிதடிதான். விதிகளை எழுதிவைத்து இரண்டாவது தடவை செய்தால் குறையும். எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதற்கு கோஹனின் கப்பா என்று 1960இலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு போடலாம்.

இது வேலையற்ற வேலை இல்லை. ஹெர்ஸிக், யூஸ்ட், ஸெல்லர் மூவரும் 2013இல் ஐந்து ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளிலிருந்து 7,000க்கு மேற்பட்ட ரிப்போர்ட்டைக் கையால் படித்தார்கள். பக் என்று பதிவானதில் 33.8 சதவீதம் பக்கே இல்லை. அந்த லேபிளை அப்படியே நம்பி பக் ப்ரெடிக்ஷன் மாடல் போட்டு 97 சதவீதம் அக்யூரசி என்று எழுதுகிறார்களே, அவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. "ஒரு நல்ல ப்ரோக்ராமர் பத்துப் பேருக்குச் சமம்" என்று மேனேஜர்கள் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். தோண்டினால் 1968இல் சாக்மன், எரிக்சன், கிரான்ட் எழுதிய கட்டுரைக்குப் போகும். அனுபவமுள்ளவர்கள் 12 பேர், தவறைத் தேடித் திருத்தும் டீபக் நேரத்தில் 28க்கு 1 வித்தியாசம். ஆனால் அவர்கள் சோதிக்க வந்தது ஆளை இல்லை, டெர்மினலில் உட்கார்ந்து வேலை செய்வது நல்லதா, ப்ரோக்ராமைத் துளையிட்ட கார்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது நல்லதா என்பதை. அந்த 28இல் இரண்டு கூட்டமும் கலந்திருக்கிறது. சிலர் எழுதிய மொழியே வேறு. 1999இல் ப்ரெக்கெல்ட் இதைப் பிரித்துப் போட்டுக் காட்டினார், வித்தியாசம் நிறையவே சுருங்கியது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை என்று சொல்லவில்லை. 28 என்ற நம்பரை மட்டும் நம்பாதீர்கள்.

---

பனிக்காட்டுப்பறவை

ஸ்வீடனில் இதே துறையில் பிஎச்.டி. மூன்றாம் வருடம், ஊர் தஞ்சாவூர். இங்கே எம்.எஸ். வகுப்புக்கு டீச்சிங் அசிஸ்டன்டாகவும் இருக்கிறேன். மேடத்துக்கு ஒரு ஆறுதல்: இங்கேயும் முதல் ரிவ்யூவில் அதே ஃபார்ம்தான் வரும். வாட்ஸ்அப்புக்குப் பதில் வேறு குரூப்.

சாரிடம் ஒரு சின்ன முரண்பாடு. சோதனையிலிருந்தே ஆரம்பித்தால் எம்பிரிகல் என்றாலே ஸ்டாப்வாட்ச்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நானே இரண்டு வருடம் அப்படி நினைத்திருந்தேன். நம் துறையில் பாதிக் கேள்வி "ஏன் இப்படிச் செய்கிறார்கள்" என்பது. அதற்கு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும். நீங்கள் சொன்ன பையனின் பேர் ப்ரோக்ராமிங் தலைப்பு அதற்கு நல்ல விதை, தூக்கிப் போட வேண்டாம். 62 பேரை விட்டுவிட்டு, உண்மையிலேயே சேர்ந்து எழுதிய நான்கு பேரைப் பிடிக்கட்டும். "பயனுள்ளதா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "கடைசியா எப்ப சேர்ந்து எழுதினீங்க? அன்னிக்கு கீபோர்டு யார்கிட்ட இருந்துச்சு? எந்த இடத்துல சண்டை வந்துச்சு?" என்று கேட்டால் கதை வரும். என் முதல் இன்டர்வியூவின் பதிவைக் கேட்டபோது 40 நிமிடத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் பேசியது நான். அந்த ஆடியோவை இன்றும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன், வெட்கமில்லாமல்.

அப்புறம் ரெடிமேட் டேட்டா. எல்லோரும் கோடு போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து அள்ளினால் பெரிய சாம்பிள் கிடைத்துவிடும், பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும். அப்போது சொல்ல ஒரு கதை இருக்கிறது. 2014இல் ஒரு பெரிய ஆய்வு: 729 ப்ராஜெக்ட், 17 மொழி, எந்த மொழியில் பக் அதிகம் என்று கணக்கெடுத்தார்கள். ஏகப்பட்ட பேர் மேற்கோள் காட்டினார்கள். 2019இல் வேறொரு குழு அதே டேட்டாவை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. டைப்ஸ்கிரிப்ட் என்று எண்ணியதில் அந்த மொழி பிறப்பதற்குப் பல வருடம் முந்தைய கமிட்கள், அதாவது கோடு மாற்றப் பதிவுகள், இருந்தன. டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்ததே 2012 அக்டோபரில். அப்புறம்தான் தெரிந்தது: டைப்ஸ்கிரிப்ட் கோப்புக்கு முடிவில் டி, எஸ் என்று இரண்டு எழுத்து வரும். மென்பொருளின் மெனுவை வேறு மனித மொழிகளில் காட்டுவதற்கான மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கும் அதே இரண்டு எழுத்துதான். "ஃபைல்", "எடிட்" என்பதற்கு ஜெர்மன் வார்த்தை எழுதிவைத்த கோப்பை ப்ரோக்ராம் என்று எண்ணியிருக்கிறார்கள். இதையும் இதுபோல இன்னும் சிலவற்றையும் திருத்தியபிறகு, மொழிக்கும் பக்குக்கும் சொன்ன தொடர்புகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை. நின்றவையும் மிகச் சின்னவை.

2014 குழுவைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. அவர்கள் டேட்டாவைக் கொடுத்ததால்தான் இன்னொருவர் பார்க்கவே முடிந்தது. என் வகுப்பில் இதைப் பயிற்சியாக மாற்றிவிட்டேன். சிஎஸ்வி கையில் கிடைத்ததும் யாரும் மாடல் ஓட்டக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு பத்து வரி பொறுக்க வேண்டும், அந்தப் பத்துக் கோப்பையும் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். போன செமஸ்டர் ஒரு குழுவுக்கு வந்த பத்தில் மூன்று, மாணவர்கள் ஹோம்வொர்க் போட்டு வைத்த ப்ராஜெக்ட். ஒன்று யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழ் வெப்சைட்.

---

கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சார் சொன்ன கேமல் கேஸ் சோதனையை வைத்தேன். என் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளைவிடக் கெட்டி, வரிசையை மாற்ற வேண்டும் என்று முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெருமையாக இருந்தது. ஆனால் நடுவில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் ஆறு மெஷினுக்குத்தான். மீதி எட்டுப் பேரும் ஜெனரேட்டர் வந்தபிறகு முதலிலிருந்து செய்தார்கள், அதாவது பாதிக் கேள்வியை இரண்டாவது தடவை பார்த்தார்கள். அதைச் சேர்ப்பதா விடுவதா என்று முன்தாளில் யாரும் எழுதவில்லை. கரண்ட் போகும் என்று விருதுநகர் மாவட்டத்தில் 14 பேருக்குத் தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

40 இஷ்யூவும் படித்தோம். இரண்டாம் சுற்றில் ஓரளவு ஒத்துப்போனார்கள். ஒரு ஜோடி மட்டும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஹாஸ்டல் பையன் நான்கு பேருக்குப் பதில் மூன்று பேரைத்தான் பிடித்தான். ஒரு பெண் சொன்னாளாம்: கீபோர்டு எப்போதும் தன் ஜோடியிடமே இருந்தது, தப்பு வந்தால் மட்டும் தன் பக்கம் தள்ளுவான் என்று. இதை எப்படி நம்பராக மாற்றுவது மேடம் என்று வந்து நிற்கிறான். மாற்றாதே, அப்படியே எழுது என்றேன். நம்பவில்லை.

என் பிரச்சினை இப்போது வேறு. கேமல் கேஸ் குழுவின் ரிப்போர்ட்டில் முடிவு "வித்தியாசம் காணவில்லை" என்று வந்திருக்கிறது. செமஸ்டர் கடைசியில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவார். "அப்போ என்னத்தைத்தான் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பார், சந்தேகமே வேண்டாம். பிள்ளைகள் இப்போதே பயந்துகொண்டு, நம்பரைக் கொஞ்சம் தட்டலாமா என்று என் காதுபடவே பேசுகிறார்கள். இதற்கு என்ன செய்வீர்கள் சார்?

---

சுண்ணாம்புக்கட்டி

எக்ஸ்டர்னல் வந்ததும் ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள் மேடம். முதலில் எது படிக்க எளிது என்று கேளுங்கள். கட்டாயம் ஒரு கட்சி சேருவார், நானே சேருவேன். உடனே அந்த வெப்பேஜைத் திறந்து உட்காரவைத்துவிடுங்கள், இருபது கேள்வி, ஐந்து நிமிடம். அவருடைய புள்ளியையும் பிள்ளைகள் அவர் கண்ணெதிரே போர்டில் வைக்கட்டும். ரிப்போர்ட் அதற்குப் பிறகு.

யுபிஎஸ் இருக்கும் மெஷினாகப் பார்த்து உட்காரவையுங்கள். எந்த வரிசையில் பார்ப்பார் என்பதற்கு மட்டும் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.